பார்க்க வருகிறவர்கள்

அப்பாவுக்கு மூச்சு இழுக்கிற முட்டு வருத்தம் கூடிவிட்டது என்று கேள்விப்பட்டால் முரசுமோட்டையில் ஒருவரும் வீட்டில் இருக்கமாட்டார்கள். பிஸ்கட் பெட்டியோடு வந்து, சைக்கிளை எங்கள் படலையில் சாத்திவிட்டு உள்ளே வருவார்கள். வந்தவர் சுகம் கேட்காமல் போனால் அது மரியாதை இல்லை. அப்பா பதில் சொல்லாமல் விட்டால் அது அதைவிடப் பெரிய மரியாதைக்கேடு.

நெல் ஆலைத் தூசியும் சுருட்டும் சேர்ந்து அவருடைய நுரையீரலைத் தின்றுவிட்டன. பழுதானது இனித் திரும்பாது, மிச்சத்தைக் காப்பாற்றலாம் என்றுதான் கிளினிக்கில் சொன்னார்கள். வாயில் வைத்து அடிக்கிற மருந்துப் பம்பை ஒழுங்காக இழுக்கவேண்டும். உதட்டைக் குவித்து மெல்ல ஊதி மூச்சை விடவேண்டும். முட்டுக் கூடும்போது பேச்சைக் குறைக்கவேண்டும். முதல் இரண்டையும் அப்பா ஒரு குறையில்லாமல் செய்தார். மூன்றாவது நடக்கிற காரியமாக இல்லை.

படுத்தால் மூச்சு அடைக்கும் என்பதால் பிளாஸ்டிக் கதிரையில் முன்னுக்குக் குனிந்து, முழங்காலில் இரண்டு கைகளையும் ஊன்றியபடிதான் இருப்பார். "இப்ப எப்பிடி அண்ணை?" என்று யாராவது கேட்டதும் நிமிர்வார்.

"பரவாயில்லை... இருங்கோ... தேத்தண்ணி..."

ஒவ்வொரு சொல்லுக்கும் தோள்கள் ஏறி இறங்கும். அடுத்தவர் வந்து அதையே கேட்பார். அப்பாவும் அதையே சொல்வார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒருநாள் வந்தவர்களைப் படலையிலேயே மறித்தேன். "வாங்கோ, வந்து இருங்கோ. ஆனா அப்பாவோட ஒண்டும் கதைக்காதேங்கோ. கதைச்சா அவருக்கு ஏலாமல் போகுது."

நல்ல சனம், சொன்னதைக் கேட்டார்கள். வரிசையாக இருந்து, கையைக் கட்டிக்கொண்டு, அவரையே பார்த்தபடி பேசாமல் இருந்தார்கள்.

அப்பா ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பிறகு என்னைக் கிட்டக் கூப்பிட்டார்.

"டொக்டர்... என்ன பிள்ளை... சொன்னவர்?"

"புதுசா ஒண்டும் சொல்லேல்லை அப்பா."

"அப்ப ஏன்... எல்லாரும்... செத்தவீட்டில மாதிரி... இருக்கினம்?"

என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அப்பா பயந்து நான் பார்த்ததில்லை.

"கதையுங்கோ," என்று நானே அவர்களைக் கெஞ்சினேன்.

பக்கத்து வயல்காரர் உடனே கேட்டார். "இந்தமுறை வயலுக்குக் குளத்துத் தண்ணி காணுமோ அண்ணை?"

அப்பாவின் முகம் தெளிந்தது. பதில் சொல்ல நிமிர்ந்தார். தோள்கள் ஏறத் தொடங்கின. பம்பைக் கையில் வைத்துக்கொண்டு, அவர் சொல்லி முடிக்கும்வரை பக்கத்தில் நின்றேன்.