பூதக்கண்ணாடி தூங்கிய நேரம்

சட்டைத் தொழிற்சாலையில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். தைத்து வரும் சட்டைகளை மேசையில் விரித்து, பிசிறு நூலையும் கோணல் தையலையும் கண்டுபிடித்து ஒதுக்குவது அவள் வேலை. பதினெட்டு வருடத்தில் அவள் கண்ணுக்குத் தப்பிய சட்டை கிடையாது என்பார்கள். போன மாதம், கழுத்துப் பட்டனே இல்லாத சட்டை ஒன்று அவள் மேசையைத் தாண்டிப் போய்விட்டது.

"என்னக்கா, கண்ணாடியில கீறல் விழுந்துருச்சா?" என்றாள் பக்கத்து மேசைக்காரி.

சிரித்து மழுப்பினாள். நின்றபடியே தூங்கிப்போனதை வெளியில் சொல்ல முடியுமா?

அவள் வீட்டுக்காரர் முப்பது வருடம் கார்களுக்குப் பெயிண்ட் அடித்தவர். முகத்தில் ஒரு துணியைக் கட்டிக்கொண்டு அடித்தார். துணி மூக்கோடு நின்றது, பெயிண்ட் நுரையீரல்வரை போனது. இப்போது கட்டிலிலிருந்து குளியலறைக்குப் போவதற்குள் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்குகிறார். வெளியே போக வேண்டிய கெட்ட காற்று இரத்தத்திலேயே தங்கிவிடுகிறது என்று சொல்லி, ஆஸ்பத்திரியில் ஓர் இயந்திரம் கொடுத்தார்கள். இரண்டு செங்கல்லை அடுக்கியது போல ஒரு பெட்டி, ஒரு குழாய், மூக்கையும் வாயையும் மூடும் மாஸ்க். தொண்டையில் துளை போடாமலே, தூக்கத்தில் அவருக்கு மூச்சைத் தள்ளிக் கொடுக்கும். மூன்று மாதம் இரவல். ராத்திரிக்குச் சராசரி நான்கு மணி நேரமாவது ஓடியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் பட்டியலில் அடுத்து இருப்பவருக்குப் போய்விடும்.

கெடு முடிந்த அன்று காலை, ஆஸ்பத்திரியில் டெக்னீஷியன் பெண் இயந்திரத்தின் மெமரி கார்டைக் கம்ப்யூட்டரில் செருகிப் பார்த்தாள்.

"ஐயா, ராத்திரி பூரா காத்து கசியுது. நிறைய நாள் பாதியிலேயே நின்னுபோயிருக்கு. சராசரி மூணு மணி நேரம்தான் வருது."

"மூச்சு முட்டுதும்மா. நான்தான் கழட்டிப் போட்டுடறேன்" என்றார் அவர்.

கூட வந்திருந்த மனைவி அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர், சுவரில் கை கழுவும் முறையைப் பற்றிய சுவரொட்டியை வெகு அக்கறையாகப் படித்துக்கொண்டிருந்தார்.

டெக்னீஷியன் ஒரு படிவத்தை எடுத்தாள். "அப்போ ஒத்துக்கலைன்னு எழுதிடட்டுமா? மெஷினைத் திருப்பிக் கொடுத்துடறீங்களா?"

"எழுதிக்கம்மா."

வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், ஒருத்தருக்கும் தெரியாது. இயந்திரம் போனால் தூங்கலாம். அந்த நினைப்பு வந்தது உண்மை. பிறகு, இயந்திரம் வருவதற்கு முந்தைய ராத்திரிகள் நினைவுக்கு வந்தன. அவர் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே விடிந்த ராத்திரிகள்.

"எழுதாதீங்கம்மா" என்றாள். "அவர் கழட்டல. நான்தான் சுவிட்சை அணைச்சேன்."

பேனா நின்றது.

"காத்து கசிஞ்சா அது கூவுது. எழுந்து மாஸ்க் பட்டையை இறுக்குவேன். படுத்தா மறுபடி கூவும். நாலரைக்கு எழுந்தாத்தான் ஷிப்டுக்குப் போக முடியும். ஒரு நாள் அரைமணி நேரம்னு நினைச்சு அணைச்சேன். விடிஞ்சுபோச்சு. அப்புறம் அதுவே பழக்கமாயிடுச்சு."

"எங்ககிட்ட கேட்டிருக்கலாமேம்மா."

"கேட்டா திருப்பி வாங்கிடுவீங்களோன்னு பயம்."

"எனக்கு முன்னாடியே தெரியும்" என்றார் அவர், சுவரொட்டியைப் பார்த்தபடி. "காலையில தலைவலி வரும்போதே, ராத்திரி அது ஓடலைன்னு தெரியும்."

"தெரிஞ்சா சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா நீ தூங்குவியா?"

"பேசாம இருந்தா ஊமைக்கோட்டான், வாயைத் திறந்தா பொய். நல்ல மனுஷன்யா."

டெக்னீஷியன் மாஸ்க்கை அவருக்கு மாட்டி இயந்திரத்தை ஓடவிட்டாள். சத்தமில்லை. "இங்க கசியலையே. வீட்ல என்ன வித்தியாசம்?"

அவள் குனிந்தாள். காலர் தையலைப் பார்ப்பதுபோல, மாஸ்க் விளிம்பைத் தாடையிலிருந்து கன்னம்வரை கண்ணால் தடவிக்கொண்டே வந்தாள். கன்னத்தில் நின்றாள்.

"பல்லு" என்றாள்.

படுக்கும் முன் அவருடைய பல்செட்டைக் கழற்றி வாங்கி, கழுவி, டம்ளர் தண்ணீரில் போட்டு வைப்பது அவள்தான். இங்கே மாஸ்க்குக்கு அளவெடுத்தபோது பல் வாயில் இருந்தது. இப்போது கழற்றிப் பார்த்தார்கள். கன்னம் ஒட்டி உள்ளே போனது. இயந்திரம் கூவியது. வெளியே பெஞ்சில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"ஒரு நாள் தவறாம கழுவி வெச்சேனே" என்றாள் அவள் ஈனசுரத்தில்.

"ஊர்த் தையலெல்லாம் தெரியும், புருஷன் பல்லு தெரியல" என்றார். பல் இல்லாததால் பாதி வார்த்தை காற்றாகப் போனது.

"பல்லைப் பகல்ல கழட்டிக் கழுவுங்க. ஆடாம இறுக்கமா இருந்தா ராத்திரி போட்டுக்கிட்டே படுக்கலாமான்னு டாக்டரைக் கேக்கறேன். இல்லைன்னா வேற அளவு மாஸ்க் இருக்கு. இப்போ பல்லோட ஒரு மணி நேரம் ஓடட்டும், கசியுதான்னு பாத்துடலாம்." டெக்னீஷியன் பல்லை வைத்து மாஸ்க்கை மாட்டிவிட்டு, படிவத்தோடு போனாள்.

மனைவி அவருக்குப் பக்கத்து இரும்பு நாற்காலியில் உட்கார்ந்தாள். காதைத் தீட்டிக்கொண்டுதான் உட்கார்ந்தாள். கூவவில்லை. காற்று போவதும் வருவதுமாக இருந்தது. தலை சுவரில் சாய்ந்தது.

டெக்னீஷியன் படிவத்தை ஆட்டிக்கொண்டே திரும்பி வந்தாள். "அம்மா, இன்னும் ஒரு மாசம் டைம்..."

மாஸ்க்குக்குள் இருந்தவரால் பேச முடியவில்லை. கையைத் தூக்கி அவளை நிறுத்தினார். மனைவியைக் காட்டினார். பிறகு படிவத்தை வாங்கி, சத்தம் வராமல் நான்காக மடித்து, சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.