ஜன்னலோர சீட்டுக்கு ஆங்கிலப் பாடம்

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் காலைப் பேருந்தில் அவரைப் பார்த்தேன். நரைத்த மீசை, இஸ்திரி போட்ட சட்டை. அத்தனை நெரிசலிலும் அவருக்குப் பக்கத்தில் ஜன்னலோர சீட் காலியாக இருந்தது. அதைப் பார்த்துத்தான் பேசிக்கொண்டிருந்தார்.

"ஐ நோ வேர் ஹி இஸ். இதுல 'வேர் ஹி இஸ்' முழுசும் நவுன் கிளாஸ், ஒரு பெயர்ச்சொல் மாதிரி. புரிஞ்சிதா?"

சற்றுக் காத்திருந்து, பதில் கேட்டவர்போலத் தலையாட்டினார்.

"அங்க உக்காரலாமா சார்?" என்றேன்.

"பையன் உக்காந்திருக்கான் சார். இன்னைக்கு அரியர் எக்ஸாம். இதுவும் போச்சுன்னா வேலை கெடைக்காது."

கண்டக்டர் எதுவும் கேட்காமல் அவருக்கு இரண்டு டிக்கெட் கிழித்தார்.

கல்லூரி நிறுத்தத்தில் அவர் எழுந்து வழிவிட்டார். "பயப்படாம எழுதுடா."

நின்றுகொண்டிருந்தவர்கள் வாசல்வரை வழிவிட்டு ஒதுங்கினார்கள். நானும் ஒதுங்கினேன். கண்டக்டர் கொஞ்சம் பொறுத்தே விசில் ஊதினார்.

யாருக்காக ஒதுங்கினேன் என்று எனக்கு இன்றும் சொல்லத் தெரியவில்லை.