திருகைத் தொடாத நாள்

ஆலையில் அவள் எடைக்காரி, வீட்டுக்குச் சின்னவள். சோப்புத்தூள் பாக்கெட்டைத் தராசில் வைத்து எடையை நோட்டில் எழுதி எழுதி, பதினோரு வருடம் நின்றே தேய்ந்த கால்கள். வேலை முடிந்து மூன்று வருடம் மாலைக் கல்லூரியில் புள்ளியியலும் படித்தாள். பாதி வகுப்பு தூக்கத்தில் போனாலும் ஒரு தாளிலும் தவறவில்லை.

பாக்கெட் ஐந்நூறு கிராம் இருக்க வேண்டும். ஆயிரத்தில் பத்துக்கு மேல் நானூற்றுத் தொண்ணூறுக்குக் கீழே போனால் சரக்கு திரும்பி வரும். அந்த மாதம் இரண்டு முறை வந்துவிட்டது. மூன்றாவது முறை வந்தால் நிரப்பும் இயந்திரத்துக்காரர் வீட்டுக்குப் போகலாம் என்று மேலாளர் சொல்லிவிட்டார்.

இயந்திரத்துக்காரர் அசட்டையான ஆள் இல்லை. பாக்கெட் நாலு கிராம் குறைந்தால் இயந்திரத்தின் அளவுத் திருகைத் திருப்பி நாலு கிராம் கூட்டுவார். ஆறு கூடினால் ஆறு குறைப்பார். அதனாலேயே அவருக்குத் 'திருகாணி' என்று பெயர்.

ஒரு விடுமுறை நாளில் சின்னவள் பழைய நோட்டுகளைப் பரப்பினாள். திருகாணி காய்ச்சலில் படுத்த வாரம், மாற்றாளுக்குத் திருகு எதுவென்றே தெரியாது. அந்த வார எடைகளைப் புள்ளிகளாக அடுக்கினாள். மணலைக் கொட்டினாற்போல இருக்கிறதே என்றாள் அக்கா. ஐந்நூறில் உச்சி, இருபுறமும் ஒரே சரிவு. நூற்றில் அறுபத்தெட்டு நாலு கிராம் வித்தியாசத்துக்குள், தொண்ணூற்றைந்து எட்டு கிராமுக்குள். திருகாணி இருந்த வாரங்களிலோ அதே குவியல் பரந்து, அதன் அடி நானூற்றுத் தொண்ணூறுக்குக் கீழே வெகுதூரம் போயிருந்தது.

வேலைக்குத் திரும்பியதும் திருகாணியிடம் போனாள். "அண்ணே, நாளைக்கு ஒரு நாள் திருகைத் தொடாதீங்க."

"தொடலைன்னா என்னைத் தொலைச்சிருவாங்கம்மா."

"அஞ்சு விரலும் ஒண்ணாவா இருக்கு? மெஷினும் தானா கூடும், குறையும். நீங்க துரத்தித் துரத்தி அதை இன்னும் தூரமாத் தள்ளுறீங்க."

மறுநாள் அவர் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்தார். ஒன்பதாவது பாக்கெட் நானூற்றுத் தொண்ணூற்றொன்று காட்டியதும் பாதி எழுந்தார். அவள் தலையசைத்தாள்; உட்கார்ந்துவிட்டார். வழக்கமாக நூறு எடுத்துப் பார்ப்பவள் அன்று ஆயிரத்தையும் நிறுத்தாள். மதியத்துக்குப் பிறகு முழங்கால் இருக்கிறதா என்றே தெரியவில்லை.

நானூற்றுத் தொண்ணூறுக்குக் கீழே ஏழே ஏழு. சரக்கு வண்டி ஏறியது.

அந்த ஏழு மட்டும் எதற்கு வந்தது என்று கேட்டார் சூப்பர்வைசர்.

"அது வரும் சார். மலைன்னு இருந்தா அடிவாரமும் இருக்கும்."

திருகாணி மெல்லக் கைகளை வெளியே எடுத்து உதறினார். "மரத்துப் போச்சு. சும்மா இருக்கிறது இவ்வளவு கஷ்டமாம்மா?"

சிரிக்கத் தெம்பில்லாமல், வீங்கிய காலைச் செருப்புக்குள் திணித்துக்கொண்டிருந்தாள் சின்னவள்.