யாரும் ரொப்பாத போர்டு

வெள்ளிக்கிழமை மத்தியானம், ரூமில் சோற்றுக்குப் பேப்பர் விரித்துக்கொண்டிருந்தபோது ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. சாகுல் பாய் போய்விட்டார். அஜ்மானில் கடைகளுக்குப் போர்டு எழுதிய காயல்பட்டினத்துக்காரர். ஊர்ச் சங்கத்து ஆட்களான உங்களுக்குத் தெரிந்தவர்தான். அவருக்கு ஏணி பிடித்தவன் நான். எனக்கு எழுத்து தெரியாது, சொல்லி எழுதவைத்திருக்கிறேன்.

எங்கள் பழக்கமும் இப்படி ஒரு பேப்பரில்தான் ஆரம்பித்தது. ஜப்பான்காரர் ஒருவர் வில்லாவைக் காலி செய்தபோது ஒரு கட்டுப் பழைய புத்தகங்களை வாசலில் போட்டுவிட்டுப் போனார். நல்ல தடித்த தாள், கறி ஊறாது என்று தூக்கி வந்தேன். ஒன்றை விரித்துச் சட்டியை இறக்கப் போனேன். குறுக்கே ஒரு கை வந்தது.

"சட்டிய அங்கிட்டு எடும் வே."

அதற்குள் ஒரு சொட்டு எண்ணெய் விழுந்துவிட்டது. அட்டையில் இருந்த இங்கிலீஷை வைத்து, யுத்தத்தில் தோற்று எழுந்த காலத்தில் அந்த ஊர் விளம்பரக்காரர்கள் நடத்திய பத்திரிகை அது என்றார். தீப்பெட்டிச் சீட்டு, தேயிலை டப்பா, நாடக நோட்டீஸ் என்று பக்கம் பக்கமாகப் படம். எண்ணெய் பட்ட தாள் மட்டும் முழுக்க வெள்ளை. கீழே ஓரத்தில் ஒரு கறுப்பு உருண்டை.

"இது எதுக்கு விளம்பரம் பாய்?"

"யாருக்குத் தெரியும்? இந்தப் புஸ்தகத்துல எனக்கும் உமக்கும் ஒரே படிப்புதான்."

அதன்பிறகு அந்த வெள்ளை அவரை விடவில்லை. ஒரு கஃபட்டேரியா போர்டில் பேரை ஓரமாகச் சின்னதாக எழுதி மீதியை விட்டுவிட்டார். முதலாளி இடுப்பில் கைவைத்துப் பார்த்தார்.

"என்ன பாய், பாதி காலியா கெடக்கு? ஷவர்மா போடு, ஜூஸ் போடு, போன் நம்பர் பெருசா போடு. காசு முழு போர்டுக்குத்தானே வாங்குன?"

"காலி இல்லண்ணே. கண்ணு வந்து உக்கார்ற எடம்."

"அதுல ஷவர்மா வந்து உக்காரட்டும்."

பாய் ஷவர்மா வரைந்தார். ஏணியிலிருந்து இறங்கும்போது என்னிடம் சொன்னார்: "சாவறதுக்குள்ள எவனும் வந்து ரொப்பாத போர்டு ஒண்ணு போடணும் வே."

அவரை இங்கேயே மையவாடியில் அடக்கினோம். மண்ணைச் சமன்செய்து ஒரு கல் வைத்தார்கள். பேர் கிடையாது, அங்கே எல்லோருக்கும் அப்படித்தான். ஊரிலிருந்து அவர் மகன் போனில் அழுதான்.

"மாமா, ஊருக்கெல்லாம் போர்டு போட்டாங்க வாப்பா. அவங்களுக்கு ஒண்ணு வைக்க முடியாதா?"

காவல்காரரிடம் கேட்டேன். "மாஃபி போர்டு, பாபா" என்றார், போர்டெல்லாம் கிடையாதாம்.

"அப்ப நான் வந்தா எது வாப்பா எடம்னு எப்படி மாமா கண்டுபிடிப்பேன்?"

போனைப் பிடித்தபடியே வாசலுக்கு வந்து திரும்பிப் பார்த்தேன். வெயிலில் மணல் வெள்ளையாகக் கிடந்தது. மற்ற கல்லெல்லாம் மணலோடு மணலாக வெளுத்திருந்தன; அவர் கல் மட்டும் ஓரத்தில் கறுப்பாக இருந்தது. நான் சட்டியை இறக்கப் போன அதே வெள்ளைத் தாள்.

இந்த விசா முடிந்ததும் நான் ஊர் திரும்புகிறேன். மகன் எப்போது வருவானோ. உங்களில் யாராவது ஒருத்தர் என்னோடு வாருங்கள், இடத்தைக் காட்டிவிடுகிறேன். எழுத்து தேடினால் கிடைக்காது.

அவர் சாமானில் நான் கேட்டு வாங்கியது எண்ணெய் பட்ட அந்தத் தாள் மட்டும்தான். இப்போதும் வெள்ளிக்கிழமை பேப்பர் விரித்தால் சட்டியை உடனே வைப்பதில்லை. குறுக்கே அந்தக் கை வர இடம் விட்டு, கொஞ்சநேரம் பிடித்துக்கொண்டே நிற்கிறேன்.