ஓரெழுத்துக் கருங்காலி

எங்கள் வீட்டு மாப்பிள்ளை ஃபோர்த்துனே கஸ்தினெல் செத்தபோது, வரலாற்றாசிரியர், பத்தி எழுத்தாளர், தொழிற்சங்கத் தலைவர் என்று பத்திரிகைக்காரர்கள் அவனுக்கு மூன்று பட்டம் கட்டினார்கள். மூன்றும் உண்மைதான். நாலாவதை விட்டுவிட்டார்கள்: பிடிவாதம் பிடித்த கழுதை. என் தங்கை ஸெலியைக் கட்டிய நாளிலிருந்து அந்தக் கழுதையோடுதான் நாங்கள் காலம் தள்ளினோம்.

எங்கள் ஊரான லா சியோத்தாவின் கப்பல் கட்டும் தளத்தில் அவன் கொதிகலன் கட்டுகிறவனாகச் சேர்ந்தான். சுத்தியல் சத்தத்தில் காது போயிற்று. அந்த வேலையில் எல்லாருக்கும் காது போகும், பாவம் என்போம். இவனுக்கு மட்டும் யாரும் பாவம் என்று சொல்லவில்லை. காது நன்றாக இருந்த காலத்திலேயே இவன் எவன் பேச்சைக் கேட்டான்?

சங்கச் செயலாளர் ஆனான். தளத்தின் வரலாற்றைத் தலையணை தலையணையாக எழுதினான். ஊரில் பாதிப்பேர் வாங்கினார்கள். அச்சுக்கோர்த்தவர் மட்டும் வேறு வழியில்லாமல் படித்தார். ஆனால் சங்கத்தின் வாரப் பத்திரிகையான 'நங்கூர'த்தில் அவன் எழுதிய பத்தியை ஒருவரும் விடமாட்டார்கள். இந்த வாரம் யார் மானம் கப்பலேறுகிறது என்று பார்க்கிற ஆசைதான். முதலாளி, மேயர், பாதிரியார் எல்லாரையும் கிழித்தான். ஒருமுறை என் அம்மா வைத்த மீன் சூப்பையும் கிழித்தான். அம்மா சண்டைக்குப் போனாள். "வரலாறு வாபஸ் வாங்காது அத்தை" என்று சொல்லிவிட்டு இன்னொரு கிண்ணம் கேட்டான், வெட்கங்கெட்டவன்.

எழுபத்திரண்டாம் வருஷம் அவனுக்கு ஒரு கிறுக்குப் பிடித்தது. முப்பத்தெட்டாம் வருஷ வேலைநிறுத்தத்தில் யார் யார் காலை வாரினார்கள் என்று தோண்டக் கிளம்பினான். அந்த வேலைநிறுத்தத்தை நடத்திய கமிட்டியில் உயிரோடு மிச்சமிருந்தவர் சிமெயோன் கிழவர் ஒருவர்தான். முதியோர் இல்லத்தில் இருந்தார். பல்செட்டை மாட்டினால் ஈறு வலிக்கிறது என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பேசுகிற மனுஷர். இங்கே இவனுக்குக் காது கிடையாது, அங்கே அவருக்குப் பல் கிடையாது. வரலாறு எப்படி உருப்படும்?

எங்கள் பிரெஞ்சு பாஷையில் 'ஜென்' என்றால் இளையவன், 'ஜொன்' என்றால் மஞ்சள். தொழிலாளி வாயில் மஞ்சள் என்றால் கருங்காலி. அதைவிடக் கேவலமான வசவு தளத்தில் கிடையாது. தெற்கத்தி நாக்கில் இரண்டு சொல்லும் உரசிக்கொண்டுதான் வரும். கிழவர் சொன்னாராம், ஒகுஸ்த் ரூபோ, 'ஜென்', சுவரேறிக் குதித்துத் தளத்துக்குள் போனான் என்று. இவன் காதில் விழுந்தது 'ஜொன்'. மேற்கொண்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை 'நங்கூர'த்தின் முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் வந்துவிட்டது: ஒகுஸ்த் ரூபோ என்ற கருங்காலி.

ஒகுஸ்த் செத்து எத்தனையோ வருஷம். ஆனால் அவர் மகள் தெல்ஃபின் தளத்து வாசலுக்கு நேர் எதிரே மதுக்கடை நடத்திக்கொண்டிருந்தாள். ஷிப்டு விட்டதும் நாங்கள் எல்லாரும் ஒரு கிளாஸ் பாஸ்தீஸ், அதாவது தண்ணீர் கலந்த சோம்புச் சாராயம், அடிக்கிற இடம் அதுதான். அந்த வெள்ளிக்கிழமை மதியம் ஒருத்தன்கூட உள்ளே போகவில்லை. எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டு சந்து முனைக் கடைக்குப் போனார்கள், அவன் சோம்புத் தண்ணீரை பாஸ்தீஸ் என்று விற்கிறவன் என்று தெரிந்தும். அடுத்த வாரமும் அப்படியே. எவனோ அவள் ஷட்டரில் மஞ்சள் பெயின்டை வேறு ஊற்றிவிட்டுப் போனான்.

தெல்ஃபின் நேரே சங்க அலுவலகத்துக்கு வந்தாள். நானும் அங்கே இருந்தேன்.

"யோவ் வரலாறு! எங்கப்பன் கருங்காலியா?"

"ஆதாரம் இருக்கும்மா."

"மண்ணாங்கட்டி ஆதாரம்! எங்க பெரியப்பாவும் அதே கொல்லுப்பட்டறையில இருந்தாரு. அவரு பெரிய ரூபோ, எங்கப்பன் சின்ன ரூபோ. ஜென்! ஜென்னுய்யா! ஊருக்கே தெரியும், செவிட்டு முண்டம் உனக்குத்தான் தெரியல. இந்த மாசம் இப்படியே போச்சுன்னா நான் கடையை மூடிட்டுப் போக வேண்டியதுதான்."

அவள் போனதும் அவன் முகம் செத்துவிட்டது. "மச்சான், கெழவன் ஜொன்னுதானே சொன்னான்?" என்று என்னைக் கேட்டான், நான் என்னவோ கூடப் போனதுபோல.

"வா மாப்ளே, பல்லை மாட்டச் சொல்லிக் கேப்போம்" என்று இழுத்துக்கொண்டு போனேன். கிழவர் முனகிக்கொண்டே பல்லை மாட்டினார். "இளையவன்னுதானேடா சொன்னேன்! சுவரேறிக் குதிச்சுப் போயி கிரேன் பல்சக்கரத்துல மண்ணை அள்ளிப் போட்டான். உள்ள போன கருங்காலிப் பசங்க ஒரு ஆணிகூட அடிக்க முடியல. நீதான் பாதியிலயே எழுந்து ஓடிட்டியே, சாப்பாட்டு நேரம்னு."

சங்கத்தில் கூடினார்கள். பிரதிநிதித் தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. இப்போது தப்பு என்று ஒத்துக்கொண்டால் எதிர்ச்சங்கத்துக்காரன் சிரிப்பான், தேர்தல் முடியட்டும் என்றார்கள். மாப்பிள்ளையும் தலையாட்டினான். ரொம்பவும் உறுத்தினால் கடைசிப் பக்கத்தில், இரும்புக்குண்டு எறிகிற ஆட்டத்தின் முடிவுகளுக்குக் கீழே, பொடி எழுத்தில் ஒரு வரி போடலாம் என்றான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மிச்சத்தை வீட்டில் ஸெலி பார்த்துக்கொண்டாள். "தேர்தல் வர்றதுக்குள்ள அவ கடை போயிரும். முதலாளி ஒருத்தன் சோத்துல கைவெச்சா நாலு பத்தி எழுதுவ. நீ கைவெச்சா பொடி எழுத்தா? தூ!"

அவன் பாதிச் சாப்பாட்டில் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான். இருபது வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

மறுநாள் மதியம் சங்கு ஊதி ஆட்கள் வெளியே வரும்போது, வேலைநிறுத்தத்துக்குக் கத்துகிற ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு வாசலில் ஒரு பீப்பாய்மேல் ஏறி நின்றான். சொந்தச் சங்கத்துக்காரர்களே கையைப் பிடித்து இழுத்தார்கள். உதறிவிட்டான். "தோழர்களே, நான் எழுதினது பொய்! அவரு நம்ம ஆளு. கிரேனை நிறுத்தினவரு. அவர் பேரு ஒகுஸ்த் ரூபோ, ஜொ..."

பாழாய்ப்போன நாக்கு! வாசலே சிரிப்பில் அதிர்ந்தது. எதிர்ச்சங்கத்துக்காரன் வயிற்றைப் பிடித்துக்கொண்டான். தெல்ஃபின் கடை வாசலில் நின்று, "சரியாச் சொல்லுடா!" என்று அலறினாள். அவன் மூச்சை இழுத்துவிட்டு "ஜென்!" என்றான். கூட்டத்திலிருந்து எவனோ கோஷம்போல "ஜென்!" என்றான். பிறகு மொத்த வாசலும் பிடித்துக்கொண்டது. ஜென், ஜென் என்று கத்திக்கொண்டே எல்லாரும் அவள் கடைக்குள் புகுந்தோம். தேர்தலில் இரண்டு இடம் போயிற்று, அது வேறு கதை.

அன்று தெல்ஃபின் எல்லாருக்கும் ஊற்றினாள். மாப்பிள்ளைக்கு மட்டும் ஒரு கிளாஸ் பச்சைத்தண்ணீரை வைத்துவிட்டு அந்தப் பக்கம் போனாள். மறுநாளும் தண்ணீர். அவன் தினமும் போனான், குடித்தான், வந்தான். சிரிக்க முடியாமல் நாங்கள்தான் அவஸ்தைப்பட்டோம்.

அந்த வேலைநிறுத்தத்தைப் பற்றி அவன் எழுதிய புத்தகம் வெளிவந்த அன்று அதை எடுத்துக்கொண்டு போனான். "கண்ணாடி இல்ல, நீயே படி" என்றாள். ஒகுஸ்த் சுவரேறியது, மண்ணைப் போட்டது, மறுநாள் போலீஸ் விரலை நசுக்கியும் ஒருத்தன் பேரையும் சொல்லாதது எல்லாவற்றையும் நின்றபடி படித்தான். விரல் சங்கதி எனக்கே அதுவரை தெரியாது. தெல்ஃபின் கல்லாவுக்குப் பின்னால் ஒரு துணியை வைத்துக்கொண்டு துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தாள். பெயர் வந்த இடத்தில் அவன் நிறுத்தி, பள்ளிக்கூடப் பையன் மாதிரி எழுத்துக்கூட்டி "ஜெ...ன்" என்றான்.

அவள் பாட்டிலை எடுத்து, அவன் முன்னாலிருந்த தண்ணீரிலேயே பாஸ்தீஸை ஊற்றினாள். எங்கள் ஊரில் பாஸ்தீஸ்மேல்தான் தண்ணீர் விடுவோம். மாற்றி ஊற்றினால் குடிக்கத் தெரியாத வடக்கத்தியான் என்று அடிக்கவே வருவார்கள். உலகத்தில் எல்லாவற்றுக்கும் ஒரு குற்றம் சொல்கிற அந்தக் கழுதை, அதைக் கண்ணீரோடு ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "நல்லா இருக்கு" என்றான்.