ஐஸ் அறைக் கதவு

வேலணைக் கரையில் கூரையில்லாமல் நிற்கிற அந்தக் கட்டடத்தை இன்றைக்கும் சனம் கொம்பனி என்றுதான் சொல்லும். முதலில் அது ஐஸ் கொம்பனி. மீன் முதலாளி ஒருத்தர் கட்டினது. சண்டை இறுகின காலத்தில் முதலாளி கொழும்போடு நின்றுகொண்டார். இயக்கப் பெடியள் உள்ளே வந்தார்கள். ஐஸ் போய் ஷெல் வந்தது. ஊரிலிருந்த பித்தளைக் குடம், சைக்கிள் றிம், பழுதான வள்ளத்து எஞ்சின் எல்லாம் அதற்குள்ளே போய் உருகின. செய்து பார்த்த முதல் ஷெல் கடலுக்குப் போகாமல் பிலிப்புவின் ஆட்டுப்பட்டியில் விழுந்து, வெடிக்காமல், ஒரு மறியாட்டின் முதுகை முறித்தது. ஆடு கறியாயிற்று. ஷெல்லைப் பெடியள் திரும்பத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

இப்போது பாரிஸிலிருந்தும் கனடாவிலிருந்தும் வருகிறவர்கள் அந்தச் சுவரோடு நின்று படம் எடுக்கிறார்கள். ஊர்க்காரர் ஆளுக்கொரு கதை அவிழ்த்துவிடுவார்கள். டாங்கிக் கதைதான் எல்லாருக்கும் பிடித்தது. ஒவ்வொரு வருசமும் அந்த டாங்கி ஒரு முழம் வளரும்.

டாங்கி என்று சொல்கிறார்களே, அது இராசேஸ்வரியின் உழவு மெசின். புங்குடுதீவில் அவளுக்கு இருந்த சீதனக் காணியை விற்று, புருசன் தியாகலிங்கம் வாங்கினது. தியாகலிங்கத்துக்கு மெசின்தான் முதல், பெண்சாதி இரண்டாவதுதான். மெசினைத் தேங்காய்த் தும்பு போட்டுக் கழுவுவான், பிறந்த பிள்ளைக்குச் சுற்றுகிற சாணைச் சீலை மாதிரி ஒரு துணியால் துடைப்பான். பெடியள் வந்து மெசினைக் கேட்டபோது, “மெசின் போனால் நானும் போவன். வேறொருத்தன் கிளச்சிலை கால் வைக்கேலாது” என்று சொல்லிவிட்டான். அப்படித்தான் அவனும் கொம்பனிக்குள்ளே போனான்.

மெசினைச் சுற்றி இரும்புத் தகடு அடித்தவன் சில்வெஸ்ரர். ஐஸ் கொம்பனிக் காலத்திலிருந்தே அங்கே வெல்டிங் வேலை செய்தவன், கரையோரத்துப் பெடியன். முன்னுக்கும் பக்கங்களுக்கும் மேலுக்கும் தகடு போதுமாயிருந்தது. பின்கதவுக்குத் தகடு முடிந்துபோயிற்று. அவசரத்துக்கு ஐஸ் அறைக் கதவைக் கழற்றி அதிலே பொருத்தினான். நல்ல கனமான கதவு. ஆனால் ஐஸ் அறைக் கதவு வெளியாலேதான் பூட்டும். பெரிய இரும்புக் கொண்டி ஒன்று, இழுத்து விழுத்தினால் கொளுக்கியில் போய் இருக்கும். உள்பிடி முதலாளி காலத்திலேயே உடைந்துவிட்டது. அறைக்குள்ளே ஒருத்தன் போனால் வெளியே ஒருத்தன் காவல் நிற்பது கொம்பனி வழக்கம். “உள்ளுக்கு ஒரு கம்பி வளைச்சுப் போட்டுத்தாறன் அண்ணை, நாளைக்கு” என்று சில்வெஸ்ரர் சொன்னான்.

அந்த நாளைக்கு வரவில்லை. நேவி கரையில் இறங்கிவிட்டான் என்ற கதை வந்தது. டாங்கியைப் பாலத்தடிக்குக் கொண்டுவா என்று ஆள் ஓடி வந்தான். இராசேஸ்வரி புருசனுக்குச் சோறு கொண்டுபோன நேரம் அது. சில்வெஸ்ரர் கட்டடத்துக்குப் பின்பக்கம் அந்தக் கம்பியைத்தான் அரிந்துகொண்டு நின்றான். மெசின் இரைகிறது, பின்கதவு ஆடி ஆடி அடிக்கிறது. உள்ளேயிருந்து தியாகலிங்கம் கத்தினான்.

“இஞ்சரப்பா, உந்தக் கதவை இழுத்துக் கொண்டியைப் போடும்! காது வெடிக்குது. பாலத்தடியிலை பெடியள் திறந்து விடுவாங்கள்.”

அவள் இழுத்துப் போட்டாள். மெசின் போயிற்று. திரும்பினபோது கம்பியைக் கையில் வைத்துக்கொண்டு சில்வெஸ்ரர் அவளைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

பாலத்தடியில் ஹெலி வந்து சுட்டது. பெடியள் சிதறி ஓடினார்கள். டாங்கி றோட்டுக் கரையாலே சறுக்கிச் சேற்றுக்கடலுக்குள் இறங்கிற்று. ஓடி வந்த பெடியன் ஒருத்தன், “அண்ணை குதிச்சிட்டார் அக்கா, நான் கண்டனான்” என்று சொல்லிவிட்டுப் போனான். அடுத்த கிழமை அவனும் செத்துப்போனான். பிறகு ஆரிடம் கேட்பது?

அந்த ஒரு வசனத்தைத்தான் அவள் தூக்கிக்கொண்டு திரிந்தாள். யாழ்ப்பாணத்துக்கு ஓடினபோதும், வன்னிக்கு ஓடினபோதும், முகாமுக்குள் கிடந்தபோதும், திரும்பி வந்து இடிந்த வீட்டில் ஆடு வளர்த்துப் பனங்கிழங்கு ஒடியல் காயப்போட்டுச் சீவித்தபோதும். ஆரோ கொண்டியைத் திறந்திருந்தால் அவன் வெளியே வந்திருப்பான். திறக்காவிட்டால் அவனைக் கொன்றது அவள் கை. பொட்டும் தாலியும் போகவில்லை. கோடையில் தண்ணீர் வற்றினால் டாங்கியின் மேல்தகடு ஆமை முதுகு மாதிரித் தெரியும். பஸ்ஸில் போகும்போது அவள் அதைப் பார்ப்பாள். நேவி முட்கம்பி அடித்திருந்ததால் கிட்டப் போக ஏலாது. பின்கதவு சேற்றுக்குள்ளே.

ஊர் அவளைச் சும்மா விடவில்லை. தியாகலிங்கம் குதித்துத் தப்பி வள்ளம் ஏறித் திருச்சியில் இன்னொருத்தியோடு குடும்பமாகிவிட்டான் என்பது ஊர் கட்டின கதை.

“இராசேஸ்வரியக்கா, திருச்சியிலை உங்கடை ஆளுக்குப் பேரப்பிள்ளை பிறந்திருக்காம். பிள்ளைப்பேத்துத் துடக்குக் காக்கேல்லையோ?” என்பான் பிலிப்பு.

புருசனின் தமக்கை சறோஜினிதேவிக்கு வாய் இன்னும் நீளம். “தம்பி கிடக்கிறானோ செத்தானோ தெரியாது. உவளுக்குப் பொட்டு மட்டும் ஒரு ரூவாக் குத்தி அளவிலை வேணும்” என்று கோயில் வாசலில் நின்று சொல்வாள்.

சில்வெஸ்ரர் மட்டும் ஒன்றும் சொல்லமாட்டான். கிணற்றுக் கப்பி பழுதானால் வந்து ஒட்டித் தருவான். மீன் பட்டால் ஒரு கோர்வை கொண்டுவந்து படலையில் கொழுவிவிட்டு நிலத்தைப் பார்ப்பான். அவள் மீனைப் பார்ப்பாள்.

போன கோடையில் நேவி முட்கம்பியைப் பின்னுக்கு இழுத்தது. பழைய இரும்பு எடுக்கிற சஞ்சீவன் அனுமதி வாங்கிக்கொண்டு மண் அள்ளுகிற பெக்கோவோடு வந்து இறங்கினான். தகடு வெட்ட காஸ் கட்டரோடு சில்வெஸ்ரரைப் பிடித்திருந்தான். ஊரே பாலத்தடியில் திரண்டது. ஐஸ்பழக்காரன் ஒருத்தனும் வந்துவிட்டான்.

“திருச்சிக்கு ஒரு கோல் எடுங்கோவன்,” என்றான் பிலிப்பு. “அவரும் வந்து தன்ரை மெசினைப் பாக்கட்டும்.”

சனம் சிரித்தது. இராசேஸ்வரி சிரிப்புக்கு நடுவாலே முன்னுக்குப் போய் நின்றாள்.

சங்கிலி இறுக, பெக்கோ உறும, சேறு பெரிய ஏப்பம் விட்டுக்கொண்டு டாங்கியை விட்டது. கதையில் வளர்ந்த டாங்கி அல்ல. சின்னச் சாமான். மாட்டுவண்டிக்குக் கூடாரம் போட்டமாதிரி. சனத்துக்கு ஏமாற்றமாகப் போயிற்று.

“பின்பக்கத்தைத் திருப்புங்கோ தம்பி,” என்றாள் இராசேஸ்வரி.

“தள்ளி நில்லணை, சங்கிலி அறுந்தால் ஆள் இரண்டு துண்டு,” என்றான் சஞ்சீவன்.

அவள் தள்ளி நிற்கவில்லை. கதவில் அப்பியிருந்த சேற்றைக் கையாலே வழித்தாள். நகம் பிய்ந்தது. வழித்துக்கொண்டே போனாள். கொண்டி தெரிந்தது. கொளுக்கிக்குள்ளே இருந்தது. கறள் பிடித்து இரண்டும் ஒரு இரும்பாகிவிட்டிருந்தன.

சில்வெஸ்ரர் கட்டரைப் பற்றவைத்துக் கொண்டியை அறுத்தான். கதவு விழுந்தது. உள்ளே சேறு, சேற்றுக்குள்ளே எலும்பு. கதவோடு ஒட்டிக் கிடந்தான். இடுப்பெலும்பில் வெள்ளி அரைஞாண் கறுத்துப்போய்ச் சுற்றிக்கிடந்தது.

“ஐயோ, இது அம்மா போட்ட அரைஞாணடா!” சறோஜினிதேவி தலையில் அடித்துக்கொண்டாள். அடித்த கையோடு எழும்பி, சேலைத் தலைப்பால் இராசேஸ்வரியின் நெற்றியைத் தேய்த்தாள். தேய்த்த தேய்ப்பில் தோலும் வந்தது. பிறகு சில்வெஸ்ரரைப் பார்த்தாள்.

“உன்ரை கதவுதானே உது? என்ரை தம்பியை உள்ளை வைச்சுப் பூட்டினது ஆர்?”

“கதவு நான் போட்டது,” என்றான் சில்வெஸ்ரர். “கொண்டி நான் போடேல்லை.”

“அப்ப ஆர்? பேயோ?”

சில்வெஸ்ரர் நிலத்தைப் பார்த்தான். சனம் அவனைப் பார்த்தது. சறோஜினிதேவி விடவில்லை.

“சொல்லடா! அண்டைக்கு அங்கை ஆர் நிண்டது?”

இராசேஸ்வரிக்கு நெற்றி எரிந்தது. அவன் வாயைத் திறந்தால் முடிந்தது. அவன் திறக்கமாட்டான் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் சனத்தின் கண் அவனை விட்டு அடுத்ததாக எங்கே திரும்பும் என்பதும் தெரியும்.

“நீர்தான் பூட்டினனீர்,” என்றாள். “சோறு கொண்டு வந்தனான். கண்ணாலை கண்டனான்.”

சில்வெஸ்ரர் நிமிர்ந்தான். “அக்கா...”

“என்ன அக்கா? இவ்வளவு காலமும் ஏன் மீன் கொண்டுவந்து கொழுவினனீர்? நான் ஒண்டும் விளங்காத பேய்ச்சி எண்டு நினைச்சீரோ?”

அதுதான் சனத்துக்கு வேண்டியிருந்தது. ஓம் ஓம், உந்த மீன், உந்தக் கப்பி, எல்லாம் குற்றமுள்ள நெஞ்சு செய்த வேலை என்று ஒரு நொடியில் எல்லாருக்கும் விளங்கிவிட்டது. முதல் பிடி சேறு எறிந்தவன் பிலிப்பு. பிறகு ஆர் எறியாதது? சில்வெஸ்ரர் முகத்தைத் துடைக்கவில்லை. கட்டரை அணைத்து, குழாயைச் சுற்றி, சைக்கிள் கரியலில் கட்டிக்கொண்டு போனான்.

பொலிஸ் வந்தது, நீதவான் வந்தார், எலும்பு யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குப் போய்க் கிடந்து திரும்பி வந்தது. அதற்கிடையில் ஊரில் ஒருத்தரும் சில்வெஸ்ரரிடம் ஒரு கம்பி ஒட்டக் கொடுக்கவில்லை. கரையில் அவனுடைய வலையை வெட்டிவிட்டார்கள்.

செத்தவீட்டன்று அவன் வந்தான். தோய்த்த வெள்ளைச் சேட்டுப் போட்டு, படலைக்கு வெளியே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“அக்கா,” என்றான். “நான் ஒருத்தருக்கும் ஒண்டும் சொல்லமாட்டன். ஒருக்கா அண்ணையைக் கும்பிட்டிட்டுப் போறன்.”

பறை கொஞ்சம் தணிந்திருந்த நேரம். எல்லார் காதிலும் விழுந்தது.

“என்னத்தைச் சொல்லமாட்டானாம்?” என்று சறோஜினிதேவி திரும்பிக் கேட்டாள்.

இராசேஸ்வரி பெட்டியின் தலைமாட்டில் இருந்தாள். “அவருக்கு விசர் பிடிச்சிருக்கு மச்சாள்,” என்றாள். “பெடியளிட்டைச் சொல்லிக் கலைச்சுவிடுங்கோ.”

பெடியள் போனார்கள். சைக்கிள் விழுகிற சத்தம் கேட்டது. ஒரு அடி கேட்டது. பிறகு இன்னொன்று. ஆரோ அவனுடைய அம்மாவை இழுத்துப் பேசினார்கள்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. “விளக்குக்கு எண்ணெய் காணாது,” என்றாள். “ஆரும் ஒருத்தர் எடுத்து வாருங்கோ.”