நல்லதையே பேசு என்றார்கள்

வேலை தேடுகிறவர்களுக்கு அறிவுரை சொல்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கைப்பேசியைத் திறந்தால் யாராவது ஒருவர் கோட்டுப் போட்டுக்கொண்டு, "உங்கள் மனதை மாற்றுங்கள், வேலை உங்களைத் தேடி வரும்" என்கிறார். வரட்டும், பார்க்கலாம். ஓசூரில் வேலை யாரையும் தேடி வந்து நான் பார்த்ததில்லை. நாங்கள்தான் விடிவதற்குள் சமைத்து, டப்பாவில் கட்டி, பஸ் பிடித்து அதைத் தேடிப் போகிறோம். அப்படி ஒரு கோட்டுக்காரரின் பேச்சைக் கேட்டு நான் பட்ட பாட்டை எழுதுகிறேன். படித்துவிட்டுச் சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். எனக்கு இன்னும் சிரிப்பு வரவில்லை.

எனக்கு ஊர் குருபரப்பள்ளி. அங்கிருந்து தினமும் கம்பெனி பஸ்ஸில் ஓசூருக்குப் போய், காருக்குள் போகும் ஒயர்க் கட்டுகளுக்கு டேப் சுற்றுகிற வேலை செய்தேன். எங்கள் லைனில் பெண்கள் மட்டும்தான். தளியிலிருந்து வரும் கன்னடக்காரப் பெண்கள், பாகலூர்ப் பக்கத்துத் தெலுங்குக்காரர்கள், திருவண்ணாமலையிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருக்கும் சின்னப் பிள்ளைகள், என்னைப் போல வீட்டையும் பிள்ளைகளையும் விட்டுவிட்டு ஓடி வருகிறவர்கள். எல்லோருக்கும் சேர்த்து ஒரு சூப்பர்வைசர். அவருக்கு மூன்று மொழியும் தெரியும். திட்டுவதில் மட்டும் யாருக்கும் குறை வைக்க மாட்டார். அவரவர் தாய்மொழியிலேயே திட்டுவார்.

திட்டினால்கூடப் பரவாயில்லை. அவர் ஒரு அட்டை வைத்திருந்தார். லைனுக்கு ஒரே அட்டை, சிவப்பு நாடாவில் கோத்தது. பாத்ரூம் போக வேண்டுமென்றால் அவரிடம் போய்க் கேட்டு, அதை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போக வேண்டும். ஒருத்தி திரும்பி வந்த பிறகுதான் அடுத்தவள் போகலாம். கேட்டதும் கொடுத்துவிடுவாரா? லைன் முழுக்கக் கேட்கிற மாதிரி, "இப்பத்தானம்மா போன? அதுக்குள்ளயா? வூட்லேர்ந்து தொட்டித் தண்ணியையும் குடிச்சுட்டு வந்தியா?" என்பார். அந்தக் கேள்விக்குப் பயந்து நாங்கள் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டோம். எனக்கு நீர்க்கடுப்பு வந்து, அது விட்டுவிட்டு வந்துகொண்டே இருந்தது. டாக்டரம்மா நிறையத் தண்ணீர் குடி என்றார். குடித்தால் அட்டை கேட்க வேண்டும். ஒருநாள் எரிச்சல் தாங்காமல் கண்ணில் தண்ணீர் முட்ட நின்றபோது அவர் அட்டையை விரலில் சுற்றிக்கொண்டு போனில் பேசிக்கொண்டிருந்தார். எந்த வேலையானாலும் சரி, எந்த ஊரானாலும் சரி, இந்த ஆளுக்குக் கீழே மட்டும் இனி இருக்கக் கூடாது என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

அந்தச் சமயத்தில்தான் கோட்டுக்காரர் வந்தார். பெங்களூரிலிருந்து கம்பெனி வரவழைத்திருந்தது. ஷிப்ட் முடிந்ததும் பஸ்ஸை நிறுத்தி வைத்துவிட்டு எங்களை எல்லாம் கேன்டீனில் உட்கார வைத்தார்கள். அவர் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு, "நான் சந்தோஷமா இருக்கேன்னு சத்தமா சொல்லுங்க" என்றார். சொன்னோம். "இன்னும் சத்தமா" என்றார். வீட்டுக்குப் போக வேண்டுமே, இன்னும் சத்தமாகச் சொன்னோம். கூட வேலை செய்கிறவர்கள் எல்லாம் ஒரே குடும்பம் என்றார். எங்கள் குடும்பத்தில் பாத்ரூம் போக யாரும் கழுத்தில் அட்டை மாட்டுவதில்லை. கடைசியாக அவர் சொன்னதுதான் என்னைக் கெடுத்தது. "நாளைக்கு நீங்க வேற கம்பெனிக்கு இன்டர்வியூ போனாலும் பழைய மேலதிகாரியப் பத்தி ஒரு குறைகூடச் சொல்லாதீங்க. நல்லதையே பேசுங்க. அப்பத்தான் உங்களுக்கு நல்ல ஆட்டிட்யூட் இருக்குன்னு வேலை குடுப்பாங்க." எங்கள் சூப்பர்வைசர் முதல் வரிசையில் உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருந்தார்.

இன்டர்வியூ என்ற சொல் மட்டும் என் காதில் நின்றது. பஸ்ஸில் ஏறியதும் பக்கத்து சீட்டுத் தோழியிடம், எங்கேயாவது ஆள் எடுத்தால் சொல் என்றேன். அவளும் எங்கள் ஊர்க்காரி, அதே லைன். அவள் வீட்டுக்காரர் நெடுஞ்சாலை ஓரத்தில் பழக்கடை வைத்திருந்தார். டிரைவர்களும் கம்பெனி ஆட்களும் வந்து நின்று பேசுகிற கடை. எந்தக் கம்பெனி எங்கே வருகிறது, யார் ஆள் எடுக்கிறார்கள் என்பதெல்லாம் பேப்பரில் வருவதற்கு முன்னால் அந்தக் கடைக்கு வந்துவிடும். கொஞ்ச நாளில் அவளே சேதி கொண்டு வந்தாள்.

"அக்கா, சூளகிரியாண்ட புதுசா ஒரு கம்பெனி தொறந்துருக்காங்களாம். நம்ம வேலையேதான். எங்க வூட்டுக்காரர்கிட்ட ஒரு டிரைவர் அண்ணன் சொல்லிட்டுப் போனாரு."

"நீயும் வாயேன்."

"மாமியாருக்கு முடியல. இந்த ஷிப்ட்ட வுட்டா எனக்குத் தோதுப்படாது. நீ போக்கா, நீயாச்சும் தப்பிச்சுக்க."

சூளகிரி எனக்குப் பாதித் தூரம்தான். தலைவலி என்று லீவு போட்டுவிட்டுப் போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு மேனேஜரும், எச்.ஆர். வேலை பார்க்கிற ஒரு சின்ன வயது மேடமும் உட்கார்ந்திருந்தார்கள். கையில் ஒயரைக் கொடுத்துச் சுற்றச் சொன்னார்கள். சுற்றினேன். மேனேஜருக்குத் திருப்தி. பிறகு அந்த மேடம் கேட்டார்.

"ஏன் அந்தக் கம்பெனிய விடறீங்க? சூப்பர்வைசரோட ஏதாவது பிரச்சினையா?"

'அந்த ஆள் மனுஷனே இல்ல மேடம்' என்பது நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. கேன்டீனில் கேட்டது நினைவுக்கு வந்து விழுங்கினேன். விழுங்கியதோடு நிறுத்தியிருக்கலாம். வீட்டுக்குப் பக்கம் என்று மட்டும் சொல்லியிருக்கலாம். வேலை வேண்டுமே என்ற பதற்றத்தில் வாய் தன்னால் ஓடியது.

"பிரச்சினையா? அவரு மாதிரி சூப்பர்வைசர் கெடைக்க நாங்க குடுத்து வச்சிருக்கணும் மேடம். கண்ணு எப்பவும் லைன் மேலயே இருக்கும். யாரு எழுந்தாங்க, யாரு திரும்பி வந்தாங்கன்னு அத்தனையும் தெரியும் அவருக்கு. ஒவ்வொருத்தர்கிட்டயும் அவங்கவங்க பாஷையிலயே பேசுவாரு. அவரு இருக்கற வரைக்கும் லைன் நின்னதா சரித்திரமே இல்ல."

யோசித்துப் பாருங்கள், இதில் ஒரு பொய்கூட இல்லை. அவர் செய்த அக்கிரமங்களையே ஒவ்வொன்றாகக் குளிப்பாட்டிப் பொட்டு வைத்து மேசைமேல் வைத்திருக்கிறேன். மேனேஜர் நிமிர்ந்து உட்கார்ந்தார். மூன்று பாஷையா என்று கேட்டார். ஆமாம் சார் என்றேன். சூப்பர்வைசரின் பெயரைக் கேட்டார், சொன்னேன். நம்பர் இருக்கிறதா என்றார். என்னைப் பற்றி விசாரிக்கத்தான் கேட்கிறார் என்று நினைத்து, நான் ராஜினாமா கொடுக்கும் வரை கூப்பிட வேண்டாம் என்று கெட்டிக்காரத்தனமாகக் கேட்டுக்கொண்டு நம்பரைக் கொடுத்தேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்வது என்பார்களே, அதைக் கைப்பேசியைப் பார்த்து ஒவ்வொரு எண்ணாகப் படித்துச் சொல்லிச் செய்த ஆள் நான் ஒருத்திதான்.

வேலை கிடைத்தது. பழைய கம்பெனியில் கடைசி நாளன்று சூப்பர்வைசரிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். "போய்ட்டு வாம்மா. நல்லா இரு. பாப்போம்" என்றார். விட்டது சனியன் என்று நினைத்தேனே தவிர, 'பாப்போம்' என்பதைப் பற்றி நினைக்கவில்லை.

சூளகிரியில் முதல் கொஞ்ச நாள் எனக்குச் சொர்க்கம். மிகைப்படுத்தவில்லை. தண்ணீர்ப் பாட்டிலை மேசைக்குப் பக்கத்திலேயே வைத்துக் குடித்தேன். வேண்டும்போது எழுந்து போனேன், யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நீர்க்கடுப்பு போன இடம் தெரியவில்லை. சாப்பாட்டு வேளையில் எங்கள் மேசையில் எட்டுப் பேர் உட்கார்ந்து ஒருத்தி குழம்பில் இன்னொருத்தி கை வைப்போம். கோட்டுக்காரர் சொன்னது சரிதானோ என்றுகூட ஒருநாள் நினைத்தேன். அந்த நினைப்புக்கு என்னை நானே அறைந்துகொள்ளலாம்.

ஒரு திங்கட்கிழமை காலை லைன் ஆரம்பிக்கும் முன் எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்தார்கள். மேனேஜர் புதிய சூப்பர்வைசரை அழைத்து வந்தார். புதுச் சட்டை, புது அடையாள அட்டை, அதே மீசை. ஓசூர் ஆளேதான். மேனேஜர் மகிழ்ச்சியாக என்னைக் கை காட்டி, "இவரு இங்க வந்ததுக்குக் காரணமே இவங்கதான். இன்டர்வியூல தன்னைப் பத்திப் பேசினதவிட இவரப் பத்தித்தான் அதிகமா பேசினாங்க. எல்லாரும் கைதட்டுங்க" என்றார். தட்டினார்கள். நானும் தட்டினேன். அவர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். தவளை தன் வாயால் கெடும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தபோது அந்தத் தவளை நான்தான் என்று வாத்தியார் சொல்லவில்லை.

அந்த வாரம் முடிவதற்குள் அட்டை வந்துவிட்டது. இங்கே நாடா நீலம். திட்டும் வந்தது, மூன்று மொழியிலும். லைனில் இருந்தவர்கள் அவரை வெறுப்பதற்கு முன்னால் என்னை வெறுத்தார்கள். அதில் நியாயம் இருக்கிறது. என்னோடு ஒரே தட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்த தளிப் பெண் ஒருத்தி டப்பாவைத் தூக்கிக்கொண்டு அடுத்த மேசைக்குப் போனாள். போகும்போது, "நின்னிந்தலே பந்தித்து இதெல்லா" என்று கன்னடத்தில் சொல்லிவிட்டு, எனக்குப் புரியாமல் போய்விடக் கூடாதே என்று தமிழிலும் சொன்னாள். "எல்லாம் உன்னாலதான் வந்துச்சு." மறுநாள் மேசையில் நான் மட்டும்தான் உட்கார்ந்திருந்தேன்.

மீண்டும் எரிச்சல் ஆரம்பித்தது. இதில் இன்னொரு கொடுமை, பழக்கடைத் தோழியை ஞாயிற்றுக்கிழமை அவள் கடையில் பார்த்தேன். முகம் பளிச்சென்று இருந்தது.

"அந்தாளு போனதும் எங்களுக்கு விடிஞ்சிருச்சுக்கா. இப்ப இருக்கறவரு தங்கமானவரு. அட்டை கிட்டை ஒண்ணும் இல்ல. நீ புண்ணியம் கட்டிக்கிட்ட."

புண்ணியமும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று வாழைப்பழத்தை வாங்காமலே வந்துவிட்டேன். அவள்மேல் எனக்கு என்ன கோபம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஆனால் இருந்தது.

மறுநாள் எச்.ஆர். மேடத்திடம் போனேன். அட்டையைப் பற்றியும் திட்டைப் பற்றியும், ஓசூரில் நடந்ததையும் மறைக்காமல் சொன்னேன். அவர் கையைக் கன்னத்தில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நீங்கதானே அவர் மாதிரி சூப்பர்வைசர் கிடைக்கக் குடுத்து வச்சிருக்கணும்னு சொன்னீங்க?"

"அது இன்டர்வியூக்காகச் சொன்னது மேடம்."

"அப்ப பொய் சொன்னீங்க."

"நல்லதையே பேசணும்னு சொல்லிக் குடுத்தாங்க மேடம்."

"அன்னிக்கு வேலைக்காகப் பொய் சொன்னீங்க. இன்னிக்கு எதுக்காகச் சொல்றீங்கன்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது? கொஞ்சம் பாசிட்டிவா இருக்கப் பாருங்கம்மா."

வெளியே வந்து மாடிப்படியில் நின்று வாய்விட்டுத் திட்டினேன். யாரை என்று கேட்காதீர்கள், ஒருவர் பாக்கியில்லை. திட்டி முடித்ததும் நெஞ்சு லேசாக இருந்தது. இத்தனை நாளும் இதை எதற்காக அடக்கி வைத்திருந்தேன் என்று ஆத்திரமாக வந்தது. இந்த வாயால்தானே அவர் வந்தார், இந்த வாயைத் திறப்பதில் இனி யாருக்காகத் தயங்க வேண்டும்?

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் கம்பெனிகள் ஆள் தேவை என்று போர்டு வைத்தால் மட்டும் பெண்கள் வர மாட்டார்கள். உள்ளே வேலை செய்கிறவள் வந்து சொன்னால்தான் வருவார்கள். அதனால் ஆள் கூட்டி வருகிறவர்களுக்கு ஒரு ஹாட்பாக்ஸ் பரிசாகக் கொடுப்பார்கள். பஸ் நிற்கிற இடத்தில் பெண்கள் கேட்கிற முதல் கேள்வி சம்பளம் இல்லை, "சூப்பர்வைசரு எப்படிக்கா?" என்பதுதான். நான் அதற்கு உள்ளதை உள்ளபடி பதில் சொல்ல ஆரம்பித்தேன். குருபரப்பள்ளியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது சொன்னேன். பழக்கடையில் போய் நின்று, தோழியின் வீட்டுக்காரர் பழம் எடை போடுவதை நிறுத்திவிட்டுக் கேட்கும் அளவுக்குச் சொன்னேன். அட்டையைப் பற்றிச் சொன்னேன், நீர்க்கடுப்பைப் பற்றிக்கூட வெட்கப்படாமல் சொன்னேன். அந்தக் கடையில் சொன்னது எத்தனை ஊருக்குப் போகும் என்று எனக்குத் தெரியும்.

எங்கள் லைனில் கல்யாணத்துக்கும் பிரசவத்துக்கும் சலித்துப்போயும் ஒவ்வொருத்தியாக வேலையை விட்டு நின்றார்கள். அவர்கள் இடத்துக்கு யாரும் வரவில்லை. பக்கத்து லைனுக்கு வந்தார்கள். எங்கள் லைன் என்றால் வாசலோடு திரும்பினார்கள். ஹாட்பாக்ஸ் இரண்டாயிற்று. அப்படியும் யாரும் வரவில்லை. இருக்கிறவர்களையும் அனுப்பிவிட்டால் லைனே இல்லை என்பதால் என்னை ஒன்றும் செய்ய முடியவில்லை. மேனேஜர் சூப்பர்வைசரைக் கூப்பிட்டுக் கேட்கத் தொடங்கினார். கண்ணாடி அறைக்குள் அவர் தலை குனிந்து நிற்பதை நாங்கள் டேப் சுற்றிக்கொண்டே பார்த்தோம். எனக்கு இனித்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன்.

ஒருநாள் அவர் என் மேசைக்கு வந்து நின்றார். இத்தனை வருஷத்தில் அவர் என்னைப் பார்த்துச் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

"ஏம்மா, நீ சொன்னா ஊர்ப் பொம்பளைங்க கேப்பாங்களாமே. மேனேஜர் சார் உங்கிட்டக் கேக்கச் சொன்னாரு. நம்ம லைனுக்கு ஒரு பத்துப் பேரக் கூட்டிட்டு வாயேன். என்னப் பத்திக் கொஞ்சம் நல்லதாச் சொல்லு."

சுற்றிக்கொண்டிருந்த ஒயரைக் கீழே வைத்தேன். லைன் முழுக்கக் கேட்கிற மாதிரியே சொன்னேன்.

"ஒருக்கா சொன்னேனே சார். அதுக்கு நீங்க வந்துட்டீங்க."